டிக்கி சின்ன கார்

இனி உயிர் உள்ளவரை யாருடைய அலமாரியையும் சுமப்பதில்லை என்று ஹார்ட்மூட் சபதம் செய்தார். ஓய்வு பெற்ற மறுநாள் காலை, முகத்தில் பாதி நுரையோடு, கண்ணாடியில் தெரிந்த ஆளையே சாட்சியாக வைத்துச் செய்த சபதம் அது.

சபதத்துக்குக் காரணம் வாசலில் நின்றது. இருபத்தோரு வயதான பச்சை நிற ஸ்டேஷன் வேகன். பின்கதவைத் தூக்கினால் உள்ளே ஒரு குடும்பம் குடித்தனம் நடத்தலாம். எனிங்கன் ஊரில் யார் வீடு மாற்றினாலும், யார் கட்டில் வாங்கினாலும், முதலில் ஞாபகத்துக்கு வருவது அந்த வண்டி. இரண்டாவதாக ஞாபகத்துக்கு வருவது அதை ஓட்டும் ஹார்ட்மூட்.

அவர்கள் கேட்பதற்கு முன்பே மனைவி கெர்லிண்டே வாக்குக் கொடுத்துவிடுவாள். "அதுக்கென்ன, சனிக்கிழமை இவர் சும்மாதான் இருப்பார்." அவள் ஊரின் பழத்தோட்டச் சங்கச் செயலாளர். சங்கத்தில் நூற்று நாற்பது உறுப்பினர்கள். ஆளுக்கொரு மூட்டை என்றாலும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இருபத்தோரு வருஷமாக ஹார்ட்மூட் சனிக்கிழமை என்று ஒன்றைக் கண்ணால் கண்டதில்லை. கிழமைகள் வெள்ளி, சுமை, ஞாயிறு என்றுதான் போய்க்கொண்டிருந்தன.

அவருக்குப் பெரிய ஆசை எதுவும் கிடையாது. ஒரு சனிக்கிழமை. மேலே திறந்த வானம். பக்கத்தில் கெர்லிண்டே. போடன் ஏரிவரை போய், கரையில் வறுத்த மீன் சாப்பிட்டுவிட்டு, பின்னால் ஒரு துரும்புகூட ஏற்றாமல் திரும்பி வர வேண்டும். அவ்வளவுதான். அந்த ஆசை நெஞ்சில் முள்ளாகவே தைத்துக்கொண்டிருந்தது.

நேராகச் சொன்னால் நடக்குமா? சொல்லிப் பார்த்திருக்கிறார். "ஒருத்தருக்கு உதவறதுக்கு இவ்வளவு முணுமுணுப்பா?" என்று ஒரே கேள்வியில் வாயை அடைத்துவிடுவாள். ஆகவே யோசித்தார். வண்டி பெரிதாக இருப்பதால்தானே வம்பு? சின்ன வண்டி வாங்கினால்? ஆனால் கெர்லிண்டேவின் முட்டி தாழ்வான சீட்டுக்கு ஒத்துக்கொள்ளாது, டாக்டரே சொல்லியிருக்கிறார். உயரமான வண்டி என்றால் டிக்கியும் பெரிதாகிவிடுகிறது. இந்தப் புதிரோடு ஒரு மாதம் கார் கடைகளைச் சுற்றினார்.

பல்சக்கரத் தொழிற்சாலையில் முப்பத்தெட்டு வருஷம் அளவு பார்த்தவர் அவர். மயிரிழை இடைவெளி தெரிந்தாலும் சக்கரத்தைத் தூக்கிக் கடாசிவிடுவார். அப்படிப்பட்டவர் அளவு டேப்போடு கடைக்குள் நுழைந்தால் விற்பனையாளர்கள் நடுங்குவார்கள். கடைசியில் ஒரு கடையில், ஜீப் மாதிரி உயரமாக, தலைக்கு மேல் துணிக்கூரையோடு நின்றது ஒரு வண்டி. பொத்தானை அமுக்கினால் கூரை மடிந்து பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது.

விற்பனையாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஒரு குறை இருக்கு சார், முன்னாடியே சொல்லிடறேன். டிக்கி ரொம்பச் சின்னது."

"எவ்வளவு சின்னது?"

"கூரை மடிஞ்சு அங்கதான் போய் உட்காருது. ரெண்டு கைப்பெட்டி வைக்கலாம். அதுவும் மெலிஞ்ச பெட்டியா இருந்தா."

ஹார்ட்மூட் டேப்பை உருவினார். ஆப்பிள் பெட்டியின் நீள அகலம் அவருக்கு மனப்பாடம். நேராக வைத்தால் நுழையாது. குறுக்கே வைத்தால் நுழையாது. சாய்த்து வைத்தால் மூடாது.

"அருமை," என்றார்.

"இன்னொண்ணு. ரெண்டு கதவுதான். பின்சீட்டுக்குப் போறவங்க வளைஞ்சு நெளிஞ்சுதான் போகணும்."

"பேஷ்."

"கூரையை மூடிட்டா பின்னால சரியா தெரியாது. வர்றது லாரியா பஸ்ஸானு ஊகம் பண்ணிக்கணும்."

"நமக்கு எதுக்கு பின்னால வர்றதைப் பத்தி? முன்னால போறோம்."

"ஆனா டிரெய்லர் இழுக்கக் கொக்கி மாட்டித் தரலாம் சார்."

"அது மட்டும் வேண்டவே வேண்டாம்."

அந்த விற்பனையாளர் இருபது வருஷமாகக் கார் விற்கிறவர். குறை சொல்லச் சொல்லப் பூரித்துப்போகிற ஆளை அன்றுதான் பார்த்தார்.

வீட்டில் பருப்பும் ஸ்பெட்ஸ்லே நூடுல்ஸும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஹார்ட்மூட் பேச்சை எடுத்தார்.

"எல்லாம் உன் முட்டிக்காகத்தான் கெர்லிண்டே. குனியவும் வேண்டாம், எக்கவும் வேண்டாம். நாற்காலில உட்கார்ற மாதிரி உட்காரலாம்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "என் முட்டிமேல உனக்கு எப்பலேருந்து இவ்வளவு பாசம்?"

"கல்யாணத்துலேருந்தே."

"டிக்கி இருக்கா?"

"இருக்கு."

"பெருசா?"

"கூரை திறக்கும் கெர்லிண்டே. மேல வானம் தெரியும்."

"நான் வானத்தையா கேட்டேன்?"

ஹார்ட்மூட் வாய் நிறைய ஸ்பெட்ஸ்லேயை அடைத்துக்கொண்டார். வாயில் சாப்பாடு இருந்தால் பொய் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. கெர்லிண்டே யோசித்தாள். ஓய்வு பெற்ற நாளிலிருந்து இந்த மனிதர் வீட்டில் இருந்துகொண்டு அவளுடைய ஜாம் பாட்டில்களையெல்லாம் டேப் வைத்து அளந்து, உயர வரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு பொழுதுபோக்கு வேண்டும் என்று அவளுக்கும் பட்டிருந்தது.

"சரி, வாங்கு," என்றாள். "பழைய வண்டியை நான் பாத்துக்கறேன். நீ அலைய வேண்டாம்."

இவ்வளவு சுலபமாக முடியும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அதனால் இரண்டாவது பூட்டையும் போட்டுவிடத் துணிந்தார். வெயில்கால வண்டி வைத்திருப்பவர்கள் வழக்கமாகச் செய்வதுதான்: நம்பர் பலகையின் ஓரத்தில் மேலே 04, கீழே 10 என்று பொறித்து வாங்கினார். ஏப்ரலிலிருந்து அக்டோபர்வரை மட்டும் ஓட்டலாம். வரியும் அந்த ஏழு மாதத்துக்குத்தான். நவம்பர் பிறந்தால் தெருவில் நிறுத்திவைக்கக்கூடக் கூடாது. ஷெட்டுக்குள் போய்விட வேண்டும். வெயில் காலத்தில் டிக்கி இல்லை, பனிக் காலத்தில் வண்டியே இல்லை. சங்கத்துக்காரர்கள் டிசம்பரில் கேட்கும் முப்பத்திரண்டு கிறிஸ்துமஸ் மரங்களும் இனி நடந்தே வரட்டும்.

"நவம்பர்லேருந்து மார்ச் வரைக்கும் வண்டி கிடையாதா?" என்று கெர்லிண்டே கேட்டாள்.

"சட்டம். நான் என்ன பண்ண?"

"பத்தாம் மாசம் முப்பத்தொண்ணாம் தேதிதானே கடைசி?"

"ஆமா."

அவள் சமையலறைக் காலண்டரில் அதை எழுதி, கீழே கோடும் போட்டாள். சட்டம் என்றதும் எப்படி அடங்கிப்போனாள் பார் என்று ஹார்ட்மூட் உள்ளுக்குள் மெச்சிக்கொண்டார். ஒரு வாரத்தில் பச்சை வண்டி வாசலில் இல்லை.

"வித்தாச்சா?"

"நல்ல இடமா பாத்து விட்டாச்சு."

அவருக்குச் சுருக்கென்றது. இருபத்தோரு வருஷம் உழைத்த வண்டி. பிறகு புது வண்டியின் பொத்தானை அமுக்கினார், கூரை திறந்தது, துக்கம் பறந்துவிட்டது.

மே மாத முதல் சனிக்கிழமை பக்கத்து வீட்டு ஐசெலே அம்மாள் வந்தார். பதிலுக்குப் பதில் சூடாகக் கொடுக்கிற விதவை. "என் சோபாவைப் பொண்ணு வீட்டுக்குக் கொண்டு போகணும். உங்க வண்டில..."

ஹார்ட்மூட் மரியாதையாக அழைத்துப்போய் டிக்கியைத் திறந்து காட்டினார். ஐசெலே அம்மாள் குனிந்து பார்த்தார். கையை உள்ளே விட்டுப் பார்த்தார். "இவ்வளவுதானா? என் ரொட்டி டப்பா இதைவிடப் பெருசு. இதைப் போய்க் காசு குடுத்தா வாங்குனீங்க?"

"ஏமாந்துட்டேம்மா," என்றார் ஹார்ட்மூட், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு. உள்ளே மனம் கூத்தாடியது. மாதம் முடிவதற்குள் ஊர் முழுக்கச் செய்தி பரவிவிட்டது: ஹார்ட்மூட் வாங்கியிருப்பது உதவாக்கரை வண்டி. இவ்வளவு பேர் கேலி செய்து இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதர் அந்தப் பக்கத்தில் வேறு யாரும் இல்லை.

ஜூனில் அந்தச் சனிக்கிழமை வந்தேவிட்டது. கூரையைத் திறந்துவிட்டுக் கிளம்பினார்கள். உயரத்தில் உட்கார்ந்திருந்ததால் வேலிகளுக்கு மேலாக எல்லாத் தோட்டங்களும் தெரிந்தன. கெர்லிண்டே யார் வீட்டு மரத்துக்கு மருந்து அடிக்கவில்லை என்று கண்டுபிடித்துக்கொண்டே வந்தாள். மடியில் செர்ரிப் பழம். கொட்டையை வெளியே துப்ப ஜன்னலை இறக்கவேண்டிய அவசியமே இல்லை. ஏரிக்கரையில் மீன் சாப்பிட்டார்கள். அவள் தலைத்துணி காற்றில் பறந்து பின்னால் வந்த ஒருவருடைய கண்ணாடியை மூட, அவர் திட்ட, இருவரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரித்தார்கள். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து அவர் அதிகம் பார்த்ததில்லை. அன்று அவர் மகிழ்ச்சியாக இருந்தார். அதில் சந்தேகமே இல்லை.

திரும்பும் வழியில் ஒரு நாற்றுப்பண்ணை வந்தது. "சும்மா பாத்துட்டு வந்துடறேன்," என்றாள். ஹார்ட்மூட்டும் சும்மா கூடப் போனார். அங்கே தொட்டியில் ஒரு பேரி மரம், இரண்டரை மீட்டர் உயரம், பிஞ்சும் இலையுமாக நின்றது. கெர்லிண்டே அதன் இலையைத் தடவினாள்.

"இந்த ரகத்தைத் தேடாத இடம் இல்லை. பழைய வண்டில கூட இதைக் கொண்டு போக முடியாது. படுக்க வச்சா கிளையெல்லாம் ஒடிஞ்சுடும்."

இந்த இடத்தில் ஹார்ட்மூட் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் ஜெயித்தவனுக்கு வாய் சும்மா இருக்குமா? "பாவம், நம்ம டிக்கியைப் பத்தித்தான் உனக்கே தெரியுமே," என்று அனுதாபத்தோடு டிக்கியை வேறு திறந்து காட்டினார்.

கெர்லிண்டே டிக்கியைப் பார்த்தாள். பின்சீட்டைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தலையை நிமிர்த்தி, வானத்தைப் பார்த்தாள்.

"ஹார்ட்மூட்," என்றாள், "மேலதான் கூரையே இல்லையே."

பேரி மரம் பின்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு எனிங்கன் வந்து சேர்ந்தது. ஆள் நடமாட்டமுள்ள சாயங்கால நேரம். கடைத்தெருவில் அத்தனை பேரும் பார்த்தார்கள். ரொட்டிக்கடைக்காரர் வெளியே வந்து தொப்பியைக் கழற்றினார், மரத்துக்கு.

மறுநாளிலிருந்து பிடித்தது சனி. பழைய வண்டியில் படுக்கிற சாமான்தான் போகும். இதிலோ நிற்கிற சாமான் எல்லாம் போகும். ஊரில் முப்பது வருஷமாக நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தவை எவ்வளவு என்று அப்போதுதான் தெரிந்தது. தொப்பி மாட்டும் ஸ்டாண்டு, பாடகர் குழுவின் பெரிய வாத்தியம், ஆப்பிள் பறிக்கிற ஏணி, சங்க விழாவுக்கு மூன்று மீட்டர் சூரியகாந்தி. ஒரு சனிக்கிழமை ஏணி ஏற்றிப் போகும்போது மழை பிடித்துக்கொண்டது. ஏணி நிற்கும்போது கூரையை மூட முடியுமா? கெர்லிண்டே குடையை விரித்தாள். அது அவளுக்கு மட்டும்தான் போதுமானதாக இருந்தது.

"இதைத்தான் நான் அப்பவே சொன்னேன்," என்றாள்.

"எதை?"

"உன் வண்டில வானம் தெரியும்னு நீ சொன்னப்ப, 'நான் வானத்தையா கேட்டேன்'னு சொன்னேனே. அதை."

ஆகஸ்டில் ஐசெலே அம்மாளின் ஆள் உயரக் கடிகாரம் வந்தது. அவருடைய கணவர் விட்டுப்போனது. படுக்க வைத்தால் ஓடாது என்று அந்த அம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கடிகாரம் பின்சீட்டில் நின்று, ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு மணி அடித்துக்கொண்டே வந்தது. ராய்ட்லிங்கன் சாலையில் போலீஸ்காரப் பெண் ஒருத்தி கையைக் காட்டி நிறுத்தினாள். ஹார்ட்மூட்டின் முகம் மலர்ந்தது. கடவுள் சீருடையில் வந்திருக்கிறார்.

"என்ன சார் இது?"

"கடிகாரம்."

"தெரியுது. ஏன் நிக்குது?"

"உட்காரத் தெரியலை. சட்டப்படி இது தப்புதானேம்மா? கூச்சப்படாம சொல்லுங்க. இனிமே ஏத்தக் கூடாதுன்னு எழுதிக் குடுத்தாக்கூட வாங்கிக்கறேன்."

அவள் சுற்றிவந்து கயிறுகளை இழுத்துப் பார்த்தாள். "யார் கட்டினது?"

"நான்தான்," என்றாள் கெர்லிண்டே முன்சீட்டிலிருந்து. "மரத்துக்கு முட்டுக் கொடுக்கிற கட்டு."

"இவ்வளவு நல்ல கட்டை நான் பாத்ததே இல்லை. நாலு மீட்டருக்குள்ள இருந்தா தாராளமா போகலாம்."

"அளந்து பாருங்களேன்," என்று ஹார்ட்மூட் தன் டேப்பையே எடுத்துக் கொடுத்தார். தரையிலிருந்து மூன்று மீட்டர்கூட வரவில்லை. கடிகாரம் இன்னொரு மணி அடித்தது.

போலீஸ்காரப் பெண் டேப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினாள். "சார், சனிக்கிழமைல இதை வாடகைக்கு விடுவீங்களா? எங்க அம்மா வீட்ல ஒரு உயரமான அலமாரி..."

"வாடகையெல்லாம் எதுக்கு? இவர் சும்மாதான் இருப்பார்," என்றாள் கெர்லிண்டே. அவள் கையில் நோட்டுப்புத்தகம் ஏற்கெனவே திறந்திருந்தது.

செப்டம்பர் பிறந்ததும் ஆப்பிள். டிக்கியில் ஒரு பெட்டிகூட நுழையாது, உண்மைதான். ஆனால் பின்சீட்டில் பெட்டிமேல் பெட்டியாக ஐந்து அடுக்கு வைத்தார்கள்; தடுக்கத்தான் கூரை இல்லையே. மூடின வண்டியில் ஆப்பிள் மட்டும் வரும். இதில் குளவிகளும் கூடவே பயணம் செய்து சாறு பிழியும் கொட்டகைவரை வந்தன. ஹார்ட்மூட் காதில் இரண்டு, கழுத்தில் ஒன்று வாங்கிக்கொண்டார். எதற்கும் அசரவில்லை. காலண்டரைப் பார்த்துக்கொண்டார். பத்தாம் மாதம் முப்பத்தொன்று. கெர்லிண்டேவே கோடு போட்டு வைத்த தேதி.

அந்த நாளும் வந்தது. வண்டியைக் கழுவித் துடைத்து, ஷெட்டுக்குள் விட்டு, மேலே போர்வை போர்த்தி, கதவைப் பூட்டினார். பூட்டை இருமுறை இழுத்துப் பார்த்தார்.

"அவ்வளவுதான் கெர்லிண்டே. இனிமே ஏப்ரல்லதான். எனக்கே வருத்தமாதான் இருக்கு."

"தெரியுது," என்றாள். "சீழ்க்கை அடிச்சுக்கிட்டே வருத்தப்படறே."

மறுநாள் நவம்பர் ஒன்று. ஹார்ட்மூட் பத்து மணிவரை தூங்கினார். பேப்பரை விளம்பரம் விடாமல் படித்தார். மத்தியானம் பிளம்ஸ் கேக் சாப்பிட்டார். சுதந்திரம் என்றால் இதுதான் என்று தோன்றியது. ஆனால் அன்று புனிதர்கள் திருநாள், அரசு விடுமுறை; அந்தச் சுதந்திரம் ஊரில் எல்லாருக்கும்தான் கிடைத்திருந்தது.

இரண்டாம் தேதி சனிக்கிழமை. காலை எட்டு மணிக்கு வாசலில் ஹாரன் அடித்தது. அந்தக் குரலை ஹார்ட்மூட் எங்கே கேட்டாலும் அடையாளம் கண்டுபிடிப்பார். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார்.

பச்சை ஸ்டேஷன் வேகன் நின்றுகொண்டிருந்தது. புதிதாகக் கழுவி, பின்கதவைத் தூக்கிவைத்துக்கொண்டு. மலைமேல் கிராமத்திலிருக்கும் கெர்லிண்டேவின் தம்பி ஓய்கன் அதிலிருந்து இறங்கி, சாவியை அக்காவிடம் கொடுத்தான்.

"இதை வித்தாச்சுன்னியே?"

"நான் எப்ப சொன்னேன்? நல்ல இடமா பாத்து விட்டாச்சுன்னேன். ஓய்கனோட கொட்டகைக்கு என்ன குறைச்சல்? ஓதம் கிடையாது, எலி கிடையாது."

"உனக்கு எப்பலேருந்து இந்த யோசனை?"

"என் முட்டிமேல உனக்குப் பாசம் வந்த அன்னிலேருந்து."

வேலிக்கு அந்தப் பக்கம் ஐசெலே அம்மாள் கோட்டும் கையுறையுமாகத் தயாராக நின்றார். "சோபா மே மாசத்துலேருந்து காத்துக்கிட்டு இருக்குங்க. பாவம், எவ்வளவு பொறுமை அதுக்கு."

"இது நல்லாத்தான் அமைஞ்சிருக்கு ஹார்ட்மூட்," என்றாள் கெர்லிண்டே. அவள் குரலில் உண்மையான அன்பு இருந்தது. அதுதான் அவரை இன்னும் பலவீனப்படுத்தியது. "நிக்கிற சாமானெல்லாம் உன் வண்டில, படுக்கிற சாமானெல்லாம் என் வண்டில. ரெண்டுக்கும் வருஷம் முழுக்க வரி கட்ட வேண்டாம். ஏரிக்கும் போவோம், ஜூன்ல. அந்த நாற்றுப்பண்ணைல ஒரு வால்நட் மரம் சொல்லி வச்சிருக்கேன்."

ஹார்ட்மூட் பச்சை வண்டியின் முன்னால் போய்க் குனிந்தார். புது நம்பர் பலகை பளபளத்தது. ஓரத்தில் மேலே 11, கீழே 03. அவருடைய வண்டி விட்ட இடத்தில் இது தொடங்கி, இது விடும் இடத்தில் அவருடையது தொடங்குகிறது.

முப்பத்தெட்டு வருஷம் பல்சக்கரம் அளந்தவர், இரண்டு சக்கரங்கள் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தி அன்றுதான் பார்த்தார். நடுவில் ஒரு சனிக்கிழமை நுழையக்கூட இடைவெளி இல்லை.